ரெண்டு நரம்பு, ஒரே உறை: நான் டெலீட் பண்ணின படங்கள்

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், இடுப்பு எம்ஆர்ஐ படத்தில் டிஸ்க் பிதுக்கத்தைக் கண்டுபிடிக்கிற ஒரு ப்ரோக்ராம். டேட்டாவை க்ளீன் பண்றது என் வேலை. சில படங்களில் ஒரு பக்கத்து நரம்பு மட்டும் தடிமனா, விசித்திரமா இருந்தது. நாய்ஸ்னு நினைச்சு எல்லாத்தையும் தூக்கிட்டேன். அக்யூரசி ஏறியது, செம சந்தோஷம்.

ரிவ்யூவுக்கு வந்திருந்த முதுகெலும்பு அறுவை சிகிச்சை டாக்டர், நீக்கின ஃபோல்டரைத் திறக்கச் சொன்னார். ரெண்டு படம் பார்த்துட்டு, "தம்பி, இது நாய்ஸ் இல்ல. இவங்க பிறக்கும்போதே இப்படித்தான். தெரியாம கத்தி வெச்சா கால் போயிடும்" என்றார். அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து படிச்சதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நார்மல் வயரிங்

நம்ம உடம்பில் 31 ஜோடி தண்டுவட நரம்புகள் இருக்கு. ஒவ்வொரு நரம்பு வேரும் டியூரா என்ற உறைப் பையிலிருந்து தனக்கென ஒரு சின்ன உறையோடு கிளம்பி, சரிவாகக் கீழே இறங்கி, தனக்கான எலும்புத் துளை வழியாக வெளியே போகும். ஒரு கேபிள், ஒரு ஓட்டை. அவ்வளவுதான்.

சிலருக்கு இந்த வயரிங் மாறியிருக்கும். 1983-இல் நீட்ரே, மெக்னாப் என்ற இருவர் இதை மூன்று வகையாகப் பிரித்தார்கள்:

1. பக்கத்துப் பக்கத்து ரெண்டு வேர்கள் ஒரே உறையில் ஒட்டிக் கிளம்புவது. வேர் கிட்டத்தட்ட செங்கோணத்தில் கிளம்புவதும் இந்த வகைதான்.
2. ரெண்டு வேர்கள் ஒரே துளை வழியாக வெளியேறுவது.
3. ரெண்டு வேர்களுக்கு நடுவே ஒரு இணைப்பு நரம்பு ஓடுவது.

எல்5, எஸ்1 வேர்களில்தான் இது அதிகம் காணப்படுகிறது.

ஏன் கண்ணில் படுவதில்லை?

1984-இல் கேடிஷ், சிம்மன்ஸ் செய்த ஆய்வைப் பாருங்க. இறந்தவர்களின் 100 முதுகெலும்புகளை அறுத்துப் பார்த்ததில் 14 பேருக்கு இந்த மாறுபாடு இருந்தது. ஆனா சாய மருந்து செலுத்தி எடுத்த 100 எக்ஸ்ரே படங்களில் தெரிந்தது 4 மட்டுமே. அதாவது படத்தில் இல்லைன்னா ஆளுக்கும் இல்லைன்னு சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கல், குறுக்குவெட்டுப் படத்தில் ஒட்டிய வேர் பார்க்க டிஸ்க் துண்டு மாதிரியே இருக்கும். அதனால எம்ஆர்ஐ-யில் மூணு அடையாளங்களைத் தேடுறாங்க. ஒன்று, உறைப் பையின் முன்பக்க மூலை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாமல் இருப்பது. ரெண்டு, பைக்கும் வேருக்கும் நடுவே பிறை வடிவில் கொழுப்பு தெரிவது. மூணு, டிஸ்க் மட்டத்தில் வேர் முழு நீளத்துக்கும் படுக்கையாக ஓடுவது. முன்னிருந்து பார்க்கிற கரோனல் படம் எடுத்தா, ரெண்டு வேரும் ஒரே இடத்திலிருந்து பிரிவது இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஆபரேஷனில் என்ன ஆபத்து?

சாதாரண டிஸ்க் ஆபரேஷனில் நரம்பு வேரை மெதுவா நடுப்பக்கம் ஒதுக்கிட்டுத்தான் டிஸ்கை எடுப்பாங்க. நார்மல் வேரில் கொஞ்சம் தளர்வு இருக்கும், நகரும். ஒட்டிய வேர் ரெண்டு பக்கமும் இறுகக் கட்டின கயிறு மாதிரி, நகராது. பலமா இழுத்தா உறை கிழிந்து திரவம் கசியலாம், நரம்பே சேதமாகலாம். டிஸ்க்னு நினைச்சு வெட்டிட்டா அது மீளாத இழப்பு.

அதனால நரம்பை இழுப்பதற்குப் பதில் எலும்பை எடுத்து இடம் பண்றாங்க. லேமினாவை ஒரு பக்கம் அகலமாகத் திறந்து, துளையைப் பெரிதாக்கி, தேவைப்பட்டால் பெடிக்கிளின் ஒரு பகுதியையும் செதுக்குவாங்க. மூட்டு எலும்பை ரொம்ப எடுத்துட்டா முதுகு ஆட்டம் காணும், அப்போ ஸ்க்ரூ வெச்சு இணைக்க வேண்டி வரும். சில நேரம் டிஸ்க் பிதுக்கமே இல்லாமல், ரெண்டு வேர் ஒரே சந்தில் நெருக்கியே வலி வரும். அங்கே இடம் அகலமானாலே போதும்.

ஒன்று முக்கியம். படத்தில் இந்த மாறுபாடு இருக்குன்னு தெரிஞ்சதுமே யாரும் ஆபரேஷனுக்கு ஓட வேண்டாம். தொந்தரவே இல்லாமல் வாழ்பவர்கள் உண்டு. வலி வந்தாலும் முதலில் மருந்து, பிசியோதெரபிதான். ஆனா சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, பாதம் வலுவிழந்துகொண்டே வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

எங்க ப்ராஜெக்ட்? நீக்கின படங்களையெல்லாம் திரும்பச் சேர்த்துட்டோம். "சந்தேகம், டாக்டர் பார்க்கவும்"னு புதுசா ஒரு லேபிளும் போட்டிருக்கோம். அக்யூரசி இறங்கிடுச்சு. வைவாவில் ஏன்னு கேட்டா, இந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன்.