முகப்பருவுக்கு ஒளிச் சிகிச்சை: யாருக்கு, எந்த அளவுக்கு?

“மாத்திரையே வேண்டாம், லைட் வைத்தால் போதும் என்கிறார்களே, டாக்டர்?” கல்லூரியில் படிக்கும் மகளோடு வந்த தாய் ஒருவர் அண்மையில் எங்களிடம் கேட்டார். அழகு நிலையம் ஒன்றில் பத்து முறைக்கு முன்பணமும் கட்டியிருந்தார். இக்கேள்வி அடிக்கடி வருவதால், அவருக்குச் சொன்ன விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

ஒளியால் தோல்நோயைக் குணப்படுத்தும் எண்ணம் புதியதன்று. செறிவூட்டிய ஒளிக்கதிர்களால் தோல் காசநோய்க்கு மருத்துவம் செய்த டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன் 1903-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். மஞ்சள் காமாலை கண்ட பச்சிளங் குழந்தைகளை நீல விளக்கின் கீழ் வைத்திருப்பதையும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கு ஒளி செய்யும் வேலை வேறு.

முகப்பரு உருவாவதில் நான்கு நிகழ்வுகள் பின்னிக் கிடக்கின்றன. ஹார்மோன்களின் தூண்டுதலால் எண்ணெய்ச் சுரப்பி மிகுதியாகச் சுரக்கிறது. மயிர்க்காலின் வாய் உதிர்ந்த செல்களால் அடைபடுகிறது. உள்ளே தேங்கிய எண்ணெயில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்னும் கிருமி பெருகுகிறது. பிறகு அவ்விடம் சிவந்து வீங்குகிறது. இக்கிருமி தன்னுள்ளே போர்ஃபிரின் என்னும் பொருளை உண்டாக்கிக்கொள்ளும். சுமார் 415 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியைப் போர்ஃபிரின் உறிஞ்சும்போது வீரியம் மிக்க ஒருவகை ஆக்சிஜன் வெளிப்பட்டுக் கிருமியையே அழிக்கிறது. சிவப்பு ஒளி தோலில் இன்னும் ஆழமாகச் சென்று வீக்கத்தைச் சிறிது தணிக்கும். இவ்விரண்டும் கண்ணுக்குத் தெரியும் ஒளியே. புற ஊதாக் கதிர்கள் அல்ல.

ஆக, நான்கு நிகழ்வுகளில் கிருமியையும் வீக்கத்தையும்தான் ஒளி முக்கியமாகத் தொடுகிறது. அடைப்பு அப்படியே இருக்கும். பிளாக்ஹெட், ஒயிட்ஹெட் என்று சொல்லப்படும் பருக்களுக்கும், ஆழமான கட்டிகளுக்கும், பள்ளமாகிப்போன தழும்புகளுக்கும் இதனால் பயன் மிகக் குறைவு. ஒளியை நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும். இத்தகைய சிகிச்சைகள் குறித்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2016-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வும், உயர்தரச் சான்றுகள் போதவில்லை என்றே கூறியது.

எங்களை மிகவும் தயங்க வைப்பது வேறொன்று. மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் நீல ஒளி நிறமிச் செல்களைத் தூண்டிக் கருமையை உண்டாக்கக்கூடும். அது வாரக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. பருவைவிடப் பரு விட்டுச்சென்ற கருந்திட்டுக்காகக் கண்ணீர் விடுவோரையே நாங்கள் அதிகம் பார்க்கிறோம். அதைப் போக்க வந்தவர், அதையே கூட்டிக்கொண்டு போகக்கூடாது அல்லவா? ஆகவே எங்கள் நோயாளிகளுக்கு இதை முதல் சிகிச்சையாக நாங்கள் தருவதில்லை. மிதமான சிவந்த பருக்கள் உள்ளவர்களில் மருந்துகள் ஒத்துக்கொள்ளாதோருக்கும், பல மருந்துகள் விலக்கப்படும் கர்ப்ப காலத்தில் மகப்பேறு மருத்துவரைக் கலந்தும், துணைச் சிகிச்சையாகக் கருதலாம். லூபஸ், போர்ஃபிரியா, விழித்திரை நோய் ஆகியவை இருப்பின் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். டாக்சிசைக்ளின் உட்கொள்பவரும் சொல்ல வேண்டும். பருவுக்கே தரப்படும் அம்மருந்து, ஒளியின்மீது தோலுக்குக் கூச்சத்தை ஏற்படுத்தும். வீட்டில் பயன்படுத்தும் ஒளி முகமூடியானாலும், கண்களை மூடிக்கொள்வது மட்டும் போதாது. காப்புக் கண்ணாடி அவசியம். தோலில் மருந்து பூசிய பின் ஒளி பாய்ச்சும் முறையும் உண்டு. அது வலியும் எரிச்சலும் மிகுந்தது. அதன்பின் 48 மணி நேரம் வெயிலையும் பிரகாசமான விளக்கொளியையும் தவிர்க்க வேண்டும்.

அந்த மாணவிக்கு வருவோம். நெற்றியிலும் கன்னங்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் பருக்கள் இருந்தது எங்களுக்கு ஐயத்தைத் தந்தது. முகத்தில் என்ன பூசுகிறாய் என்று கேட்டோம். சற்றுத் தயங்கிவிட்டுப் பையிலிருந்து ஒரு டியூபை எடுத்தாள். தோழி சொல்லி, சிவப்பழகுக்காக மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கியது. ஸ்டீராய்டு கலந்த களிம்பு. பருக்களைக் கிளப்பிவிட்டதே அதுதான். அதைப் பூசிக்கொண்டே எத்தனை முறை விளக்கின் முன் அமர்ந்தாலும் பயன் இராது.

களிம்பை நிறுத்தினால் முதலில் பருக்கள் கூடும், முகம் எரியும் என்று இருவரிடமும் முன்கூட்டியே சொன்னோம். அப்படியே ஆயிற்று. மூன்றாம் வாரம் அழுதுகொண்டே தொலைபேசியில் அழைத்தாள்; பழைய டியூபைத் தொடாமல் பொறுத்திருந்தாள். தோல் சற்று ஆறியபின் இரவில் மெல்லியதாக அடபலீன் பூசச் சொன்னோம். அதன் பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். இப்போது புதிய பருக்கள் வெகுவாகக் குறைந்துள்ளன. கருந்திட்டுகள் மறைய இன்னும் சில மாதங்கள் பிடிக்கும். முன்பணம் திரும்பக் கிடைத்ததா என்று நாங்கள் கேட்கவில்லை.

முகப்பருவுக்காக எங்களிடம் வரும்போது, முகத்தில் பூசிய அனைத்தையும் எடுத்து வாருங்கள்; தீர்ந்துபோன டியூபையும், பக்கத்து வீட்டார் கொடுத்ததையும் சேர்த்தே.