இரத்தச்சோகையும் மலையக மக்களின் உணவும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்பது முன்னோர் வாக்கு. உடல் நலமாக இருந்தால்தான் உழைப்பும் வழிபாடும் சிறக்கும். அந்த உடலுக்கு மாச்சத்து, புரதம், கொழுப்பு, விற்றமின்கள், கனியுப்புகள் ஆகிய யாவும் தேவை. இவற்றுள் மலையகப் பெண்களுக்கு மிக முக்கியமானது இரும்புச்சத்து.

இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் என்னும் செந்நிறப் பொருள் உருவாக இரும்புச்சத்து அவசியம். சுவாசிக்கும் ஒட்சிசனை உடலெங்கும் கொண்டு செல்வது இதுவே. கர்ப்பிணிகளுக்கு இதன் அளவு ஒரு டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தச்சோகையாகும். களைப்பு, தலைச்சுற்று, மேடு ஏறும்போது மூச்சு வாங்குதல் என்பன இதன் அறிகுறிகள். கொழுந்துக் கூடையுடன் மலையேறும் பெண் இதனை வேலைக் களைப்பு என்றே எண்ணி விடுகிறாள். தாயின் இரத்தச்சோகை குழந்தையையும் பாதிக்கும். நிறை குறைந்த குழந்தை பிறக்க அதுவும் ஒரு காரணம். 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாட்டில் சுமார் 17 வீதம். தோட்டப் பகுதியிலோ சுமார் 32 வீதம்.

முற்காலத்தில் தோட்டங்களில் இரத்தச்சோகைக்குக் கொக்கிப்புழு பெருங்காரணமாக இருந்தது. வெறுங்காலுடன் நடப்போரின் பாதம் வழியாக உட்புகும் இப்புழு, குடலில் இரத்தத்தை உறிஞ்சும். இதனை ஒழிக்க ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியுடன் 1916இல் இலங்கையில் இயக்கம் தொடங்கப்பட்டது. செருப்பும் மலசலகூடமும் இன்றும் இரத்தத்தைக் காக்கும் கவசங்களே.

மற்றொரு காரணம் உணவு வேளையில் உள்ளது. கோதுமை ரொட்டி, சம்பல், கூடவே ஒரு கோப்பை தேநீர் என்பது லயத்து வழக்கம். தேயிலையிலுள்ள தனின் போன்ற பொருட்கள், கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்துடன் சேர்ந்து, உடல் அதனை உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. பால் சேர்த்தாலும் இத்தடை நீங்காது. தேநீர் தீயதன்று, அருந்தும் நேரமே தவறு. உணவுக்குப் பின் ஒரு மணித்தியாலமாவது கழித்து அருந்துவது நன்று. விற்றமின் சி இதற்கு மாறாக இரும்புச்சத்தை ஏற்க உதவும். ஆகவே கீரைச் சுண்டலில் தேசிக்காய்ப் புளி பிழிவதும், உணவுக்குப் பின் கொய்யாப்பழம் உண்பதும் சிறந்தது.

விலை கூடிய உணவுதான் வேண்டும் என்பதில்லை. பருப்பு, கௌபி, கடலை, கீரை வகைகள், அசைவம் உண்போருக்கு நெத்தலிக் கருவாடு, முட்டை ஆகியன போதும். நவராத்திரியில் அவித்த கடலையைப் பிரசாதமாக வழங்குவது சத்தான வழக்கமே. அதனை ஒன்பது நாளோடு நிறுத்தாமல் வாரந்தோறும் வீட்டிலும் செய்யலாம்.

கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் விழுங்காமல் தண்ணீருடன் உட்கொள்ள வேண்டும். 1973 முதல் வழங்கப்பட்டுவரும் திரிபோஷ மா, கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நிறை குறைந்த பிள்ளைக்கும் உரியது. அதனை வீட்டிலுள்ள அனைவருக்கும் பங்கிட்டால் உரியவருக்குப் பயன் கிட்டாது.

எல்லோரும் உண்ட பின் மிஞ்சியதை உண்பவளாகவே குடும்பத் தலைவி பல வீடுகளில் இருக்கிறாள். அவளது தட்டில் முதலில் கறியும் கீரையும் விழும் வீட்டில் நோய் குறையும், பிள்ளைகள் உயர்வர்.