உலர் பனிக்கட்டியின் இயல்பு

கெலவரப்பள்ளி வட்டாரத்துப் பூவும் காய்கறியும் ஓசூர் வழியே பெங்களூர் செல்கின்றன. வண்டியைக் குளிரூட்ட உலர் பனிக்கட்டி வாங்க எண்ணும் அங்கத்தினர்கள் அதன் இயல்பை முன்னரே அறிதல் அவசியமாகும்.

சாதாரணப் பனிக்கட்டி உருகி நீராகும். உலர் பனிக்கட்டியோ உறைந்த கரியமில வாயு. பூஜ்யத்துக்குக் கீழ் 78.5 டிகிரி சென்டிகிரேடிலேயே அது நீராகாமல் நேரே வாயுவாகிவிடும். இதனைப் பதங்கமாதல் என்பர். அப்போது எழும் வெண்புகை, குளிரால் திரண்ட காற்றின் ஈரமே; வாயு கண்ணுக்குப் புலப்படாது.

கட்டி மறைந்ததும் ஆபத்து நீங்கிற்று எனக் கருதுதல் பிழை. ஒரு கிலோ கட்டி 500 லிட்டருக்கும் மிகுதியான வாயுவாகும். காற்றினும் ஒன்றரை மடங்கு கனமான அது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். 1986-இல் காமரூன் நாட்டு நியோஸ் ஏரியிலிருந்து வெளிப்பட்ட இவ்வாயு, பள்ளத்தாக்கில் இறங்கி 1,700-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மூடிய வண்டியும் ஒரு சிறு பள்ளத்தாக்கே.

ஆதலின், நாம் வற்புறுத்துவன இவை: காற்றுப் புகாத கலத்தில் கட்டியை அடைக்கலாகாது, அடைத்தால் வெடிக்கும். வெறுங்கையால் தொடலாகாது, பூவின்மீதும் படலாகாது, இரண்டும் கருகும். கதவைத் திறந்து, நன்கு காற்றாடவிட்ட பின்னரே சுமையாளை உள்ளே அனுப்புதல் வேண்டும். சரக்கு வாடினால் நஷ்டம். உயிர் போயின் ஈடில்லை.