அப்பப்பாவின் மணிக்கூட்டுக்கு உப்புக்காற்று ஆகாது

வெள்ளவத்தையில் கடலோரம் வீடென்றால், அலுமாரியில் கிடக்கும் பழைய ஒமேகாவுக்கும் ரோலெக்ஸுக்கும் முதல் எதிரி உப்புக்காற்றுத்தான். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் உடனே மாற்றுங்கள். ஓடாமல் கிடந்தாலும் உள்ளே எண்ணெய் உலரும். சுமார் 5 ஆண்டுக்கொருமுறை கழுவி எண்ணெய் போடக் கொடுங்கள்.

திகதி காட்டும் மணிக்கூட்டில் இரவு 9 முதல் அதிகாலை 3 வரை திகதியைக் கையால் மாற்றவே வேண்டாம். அந்நேரம் திகதிச் சக்கரம் கோத்திருக்கும், பல் உடையலாம்.

கொட்டாஞ்சேனையிலோ புறக்கோட்டையிலோ பழையது வாங்கப் போனால், பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். முகப்பு புதிதாய்ப் பளபளத்தால் மறுபூச்சா என்று சந்தேகப்படுங்கள். மங்கிய அசல் முகப்பே எத்தனை அழகு! மெருகேற்றவும் விடாதீர்கள்; தேய்ந்த விளிம்பு திரும்ப வராது.