மேற்கை: எலும்பும் தசையும் நரம்பும்

உடற்கூற்றைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்று ஐயுறுவோர் இன்றும் உளர். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெரு நூலை 1872-இல் தமிழுக்குத் தந்தார். அவர் காட்டிய வழியில், தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட மேற்கையை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

நான் விலங்கியல் முதுகலை மாணவன், மருத்துவன் அல்லன். ஆயினும் திருவனந்தபுரத்திற்குப் பிழைப்புத் தேடி வந்த நம்மவருள் சுமை தூக்குவோரும் கட்டட வேலை செய்வோரும் பலர். கையே அவர்தம் முதல். அதைப் பற்றிச் சிறிதேனும் அறிந்திருத்தல் நமக்குக் கடமையன்றோ?

முதலில் எலும்பு. மேற்கையில் இருப்பது ஒரே எலும்பு. வளர்ந்தவர்க்கு ஏறத்தாழ ஓரடி நீளம். அதன் மேல்முனை அரைப்பந்து போன்றது. தோள்பட்டை எலும்பின் குழியில் பொருந்துவது. அக்குழி ஆழமற்றது. அதனாலேயே கையைப் பல திசைகளிலும் சுழற்ற முடிகிறது. அதனாலேயே தோள்மூட்டு எளிதில் நழுவவும் செய்கிறது. கீழ்முனையில் முன்கையின் இரண்டு எலும்புகள் வந்து சேர்கின்றன. இம்மூட்டு கதவின் கீல் போல மடங்கும், நீளும்.

அடுத்துத் தசை. தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவே மடக்க ஒரு பக்கமும் நீட்ட மற்றொரு பக்கமும் தசைகள் வேண்டும். முன்புறம் மூன்று உள்ளன. இளைஞர்கள் மடக்கிக் காட்டிப் பெருமைப்படும் புஜம், இருதலைத் தசை. ஆனால் முழங்கையை மடக்குவதில் பெரும்பங்கு, அதன் அடியில் மறைந்திருக்கும் மேற்கைத் தசைக்கே உரியது. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவதும் இருதலைத் தசையின் வேலை. வலக்கையால் திருகாணியை முடுக்கிக்கொண்டே இடக்கையால் புஜத்தைத் தொட்டுப் பாருங்கள்; அது புடைப்பது தெரியும். மூன்றாவது தசை சிறியது. மேற்கையை முன்னும் உள்ளும் இழுப்பது.

பின்புறம் இருப்பது முத்தலைத் தசை. சாலைக் கடைத்தெருவில் ஒருவர் கைவண்டி தள்ளும்போது முழங்கையை நீட்டுவது இதுவே. வெளியே அவர் தள்ளுகிறார்; உள்ளே தசை இழுக்கிறது!

இனி நரம்பு. நம் பேச்சு வழக்கில் தசைநாணும் இரத்தக்குழாயும்கூட ‘நரம்பு’தான். மெய்யான நரம்பு வேறு. அது கட்டளையையும் உணர்ச்சியையும் கொண்டுசெல்வது. முழங்கையின் உட்புறம் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் இருக்கிறதே, அது எலும்பை ஒட்டிச் செல்லும் நரம்பு ஒன்றின் குரல்.

அதுபோல் ஆரை நரம்பு, மேற்கை எலும்பின் நடுப்பகுதியைப் பின்புறமாக ஒட்டிச் சுற்றி இறங்குகிறது. எலும்பு நடுவில் முறிந்தால் இந்நரம்பும் அடிபடலாம். அப்போது மணிக்கட்டை மேலே தூக்க இயலாது, கை தொங்கிவிடும். முறிந்தது மேலே, செயலிழப்பதோ கீழே! பெரும்பாலோர்க்குச் சில மாதங்களில் இது தானே மீளும். எனினும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இருக்கையின் முதுகுச் சட்டத்தில் கையைத் தொங்கவிட்டு நெடுநேரம் உறங்கினாலும் இந்நரம்பு அழுந்தி, அதே நிலை சில காலம் நேரலாம்.

இன்னும் கடுமையான இடர் ஒன்றுண்டு. கை ஊன்றி விழும் சிறுவர்க்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவதுண்டு. அங்கே பெரிய இரத்தக்குழாய் எலும்பின் முன்னாலேயே செல்கிறது. முறிந்த முனை அதைக் குத்தலாம். வீக்கத்தின்மேல் போட்ட கட்டு இறுகி அதை நெரிக்கலாம். கட்டியவர் மருத்துவராயினும் வர்ம ஆசானாயினும் ஆபத்து ஒன்றே. விரல்கள் வெளுத்தாலோ, சில்லிட்டாலோ, மரத்தாலோ, விரலை நீட்டும்போது வலி மிகுந்தாலோ காலை வரை காத்திருத்தல் கூடாது. சில மணி நேரத்தில் முன்கைத் தசைகள் மடியத் தொடங்கும். பின்னர்க் கை சுருங்கி நிலைத்துவிடும்.

தோழர்களே, நம்மவர் ஒருவர் கை முறிந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்தால் துணைக்குச் செல்லுங்கள். “மணிக்கட்டைத் தூக்க முடிகிறதா? விரல் மரத்திருக்கிறதா?” என்று தமிழில் கேளுங்கள், விடையை மருத்துவருக்கு மலையாளத்தில் சொல்லுங்கள். இரு மொழி அறிந்த நம்மால் இயன்ற உதவி அது.