சீறும் ஆற்றில் கயாக் ஓட்டலாமா?

கேள்வி: எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். சீறிப்பாயும் ஆற்றில் கயாக் ஓட்ட ஆசை. நீச்சல் மட்டும் போதுமா? எங்கே தொடங்கலாம்?

பதில்: நீச்சல் அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. ஆற்றின் கடுமையை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். 1, 2 புதியவர்களுக்கு. 6 கைதேர்ந்தவர்களுக்கே உயிராபத்து. கவிழ்ந்த படகை, உள்ளே இருந்தபடியே துடுப்பாலும் இடுப்பாலும் நிமிர்த்தும் 'ரோல்' உத்தியை முதலில் அசையாத நீரில் பழகுங்கள்.

வேகமான நீரில் விழுந்தால் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் கால் சிக்கினால், இடுப்பளவு நீரே ஆளை அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை நீரோட்டத் திசையில் நீட்டி மிதந்தபடி கரைக்கு ஒதுங்குங்கள். ஆற்றில் விழுந்து கிடக்கும் மரத்தைக் கண்டால் விலகுங்கள். கிளைகளினூடே தண்ணீர் போய்விடும், மனிதர் மாட்டிக்கொள்வார். தடுப்பணைகளின் அடியில் சுழலும் நீர் ஆளைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும்.

மழைக்காலம் முடிந்தபின் ரிஷிகேஷ் கங்கையில் பயிற்சியாளரிடம் கற்கலாம். பருவமழையில் கோழிக்கோடு அருகே சாலிப்புழை, இருவஞ்சிப்புழை ஆறுகளில் நடக்கும் போட்டிகளைப் பார்ப்பதும் நல்ல பாடம்.

கைதேர்ந்தவர்களும் எச்சரிக்கையாகவே இருப்பார்கள். 2002-இல் திபெத்தின் சாங்போ ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேற்பகுதியைக் கடந்த 7 கயாக் வீரர்கள், நீர் குறைந்த குளிர்காலத்தையே தேர்ந்தெடுத்தார்கள். ஓட்ட முடியாத இடங்களில் படகைத் தோளில் சுமந்து நடந்தார்கள். இறங்கி நடப்பது கோழைத்தனம் அல்ல. தலைக்கவசமும் மிதவை அங்கியும் இல்லாமலோ, தனியாகவோ ஒருபோதும் ஆற்றில் இறங்காதீர்கள்.