வாசலில் ஈரமா? வழுக்கி விழாதீர்கள், நாயைத் திட்டாதீர்கள்

பூன் லே பிளேஸ் சந்தைக்குப் போய்விட்டு, இரண்டு கைகளிலும் பைகளுடன் வீடு திரும்புகிறீர்கள். கதவைத் திறந்ததும் நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறது. நீங்கள் குனிந்து தடவுவதற்குள் தரையில் சிறுநீர்.

மூத்தோர் வாழும் வீட்டில் இது சிறிய விஷயமன்று. வழவழப்பான தரைக்கல்லில் கொஞ்சம் ஈரம் இருந்தாலே கால் வழுக்கும். வயதான காலத்தில் விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். மீண்டும் பழையபடி நடக்கப் பல மாதங்கள் ஆகலாம்.

ஏன் இப்படி நடக்கிறது?

நாய் இதை வேண்டுமென்றே செய்வதில்லை. இளம் நாய்களுக்குச் சிறுநீரை அடக்கும் தசைகள் முழு வலுப் பெற்றிருக்காது. மகிழ்ச்சி மிகும்போது அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. பெரும்பாலான குட்டிகளுக்கு ஒரு வயதை ஒட்டி இது குறைந்துவிடும்.

சில நாய்கள் அச்சத்தாலும் சிறுநீர் கழிக்கும். மகிழ்ச்சியில் உள்ள நாய் துள்ளும். அஞ்சும் நாய் காதுகளைப் பின்னால் மடக்கும், உடலைத் தாழ்த்தும், சில வேளைகளில் மல்லாந்து படுக்கும். இரண்டுக்கும் பொதுவான பாடம் ஒன்றுதான்: திட்டாதீர்கள், அடிக்காதீர்கள், மூக்கைத் தரையில் தேய்க்காதீர்கள். திட்டினால் நாய்க்கு உங்களைக் கண்டே அச்சம் வரும். தரை மேலும் நனையும்.

நீங்கள் வீடு திரும்பும்போது

• உள்ளே வந்ததும் நாயைப் பார்க்கவோ, கூப்பிடவோ, தொடவோ வேண்டாம். முதலில் பைகளை மேசைமீது வையுங்கள்.
• நாய் அடங்கி, நான்கு கால்களும் தரையில் ஊன்றி நின்ற பிறகு மெதுவான குரலில் பேசுங்கள்.
• நாயின்மேல் கவிந்து குனியாதீர்கள். பக்கவாட்டில் நாற்காலியில் அமர்ந்து, தலையைத் தொடாமல் நெஞ்சுப் பகுதியைத் தடவுங்கள். உங்கள் முதுகுக்கும் முழங்காலுக்கும் இதுவே நல்லது.

வீட்டில் உள்ள எல்லாரும் இதையே செய்ய வேண்டும். நீங்கள் அமைதியாக இருக்க, பேரன் கதவருகே கூச்சலிட்டு வரவேற்றால் பயிற்சி வீணாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை உறவினர் வரும்போது

அவர்கள் வருவதற்குச் சற்று முன்பு நாயைக் கயிற்றில் பிடித்துக் கீழே அழைத்துச் சென்று சிறுநீர் கழிக்க விடுங்கள். பை காலியாக இருந்தால் தரை நனைவது குறையும். விருந்தினர் உள்ளே வந்து அமரும்வரை நாயை ஓர் அறையில் விளையாட்டுப் பொருளுடன் விட்டு வையுங்கள். பிறகு வெளியே விடும்போது, ஒரு தின்பண்டத் துண்டைத் தரையில் போடச் சொல்லுங்கள். நாயின் கவனம் அதன்மேல் திரும்பும், துள்ளல் அடங்கும்.

தரையைத் துடைக்கும்போது

• அவசரப்படாதீர்கள். விளக்கைப் போட்டு, வழுக்காத காலணி அணிந்து, நாயை அப்புறப்படுத்திய பிறகே துடையுங்கள்.
• குந்தி உட்காராமல் நீண்ட பிடியுள்ள துடைப்பானைப் பயன்படுத்துங்கள். ஈரத்தை முதலில் காகிதத்தால் ஒற்றியெடுத்து, சவர்க்கார நீரால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள்.
• சிறுநீரின்மேல் பிளீச் ஊற்றாதீர்கள். இரண்டும் கலந்தால் மூச்சுக்குத் தீங்கான வாயு உண்டாகலாம்.
• வாசலில் விரிப்புப் போட்டால், அடிப்பக்கம் வழுக்காத, துவைக்கக்கூடிய விரிப்பாக இருக்கட்டும்.
• கையுறை அணியுங்கள். பிறகு சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீர் வழியாகவும் பரவக்கூடும். நீரிழிவு உள்ளவர்கள் பாதத்தில் புண் இருக்கிறதா என்று பார்த்து, மூடிக்கொள்ள வேண்டும்.
• பொதுத் தாழ்வாரம் நனைந்தால் உடனே கழுவி உலர்த்துங்கள். அடுத்த வீட்டு மூத்தவரும் அந்த வழியாகத்தான் நடக்கிறார்.

எப்போது கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

வளர்ந்த நாய்க்குத் திடீரென்று இந்தப் பழக்கம் வந்தாலோ, தூங்கும்போது சிறுநீர் கசிந்தாலோ, அடிக்கடி முக்கி முக்கிக் கழித்தாலோ, சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ, அதிகமாகத் தண்ணீர் குடித்தாலோ காத்திருக்காதீர்கள். சிறுநீர்த்தொற்று, சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு ஆகியவை நாய்களுக்கும் வரும். ஈரம் எப்போது, எங்கே, யார் வந்தபோது ஏற்பட்டது என்று குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். நாய்க்குத் தண்ணீர் கொடுப்பதை மட்டும் குறைக்காதீர்கள்.

விழுந்துவிட்டால்

உடனே எழ முயல வேண்டாம். உதவிக்குக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டாலோ, இடுப்பு வலித்தாலோ, காலை ஊன்ற முடியாவிட்டாலோ 995 என்ற எண்ணை அழையுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் தலையில் இலேசாக அடிபட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பொறுமையாக இருங்கள்

தனியாக வாழும் பலருக்கு நாய்தான் பேச்சுத்துணை. காலையில் நடக்கக் கூப்பிடும் துணையும் அதுதான். வாசல் நனைகிறது என்பதற்காக அதைக் கைவிட வேண்டியதில்லை. வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றமுமாகும். சில வாரங்கள் அமைதியாக வரவேற்றுப் பாருங்கள். தரை காய்ந்திருக்கும், நீங்களும் விழாமல் இருப்பீர்கள்.